ஆணி அடிக்கக் கூடாத வீடு

அத்தியாயம் 14

சென்ற வாரம் சீதாலட்சுமியைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தோம். தலைசுற்றலும் வாயில் புளிப்புமாக வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அப்படியும் இருக்குமோ என்று நினைத்தாள். அப்படித்தான் என்று தெரிந்துகொண்டாள். பேரன் எடுத்தவள் வயிற்றில் மூன்றாம் மாதம். நம்மைத் தவிர வேறு யாருக்கும் அவள் இன்னும் சொல்லவில்லை.

வீட்டு விவகாரத்தை மறந்துபோனவர்களுக்காக நாலு வரி. சுங்கைப்பட்டாணியில் அவள் புருஷன் சீனிவாசகத்தின் மளிகைக்கடை பூட்டிக் கிடக்கிறது. விற்கச் சரக்கு இல்லை. ஜப்பான்காரன் கெடாவைச் சயாமுக்குத் தாரை வார்த்ததில் கொடி மாறியதே தவிர அரிசி வரவில்லை. பாடாங் மேஹாவில் சீதாலட்சுமியின் தம்பி அம்மாசி காட்டைத் திருத்தி மரவள்ளியும் சோளமும் போட்டிருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு அங்கே போய் மண்ணைக் கொத்திப் பிழைப்பது என்று முடிவாகிவிட்டது. கோத்தா கோலா மூடாவில் உப்பும் கருவாடும் விற்கும் ஹாஜி சாலே, மகனைக் குடிவைக்க இந்த வீட்டைக் கேட்டிருக்கிறார். ஜப்பான்காரனின் வாழைமர நோட்டு வேண்டாம், நெல்லும் ஒரு கறவை மாடும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வீடு இருக்கும் லட்சணத்தை மட்டும் யாரும் மெச்ச முடியாது. முன்பக்கத் தகரத்தில் ஓட்டை. பின்பக்க அத்தாப்பு ஓலைக் கூரை மழைக்கு மழை ஒழுகும். சமையலறைத் தூணைக் கறையான் பாதி தின்றுவிட்டு மீதியை நாளைக்கு என்று வைத்திருக்கிறது. இதையெல்லாம் சரிசெய்யாமல் வீட்டைக் கைமாற்ற மாட்டேன் என்கிறார் சீனிவாசகம்.

அங்கேதான் சீதாலட்சுமிக்குத் தொண்டையில் முள் சிக்கியது. முழுகாமல் இருக்கிறவள் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, குழி தோண்டக் கூடாது, தூண் மாற்றக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், புருஷன் சுத்தியலைத் தொடமாட்டார். ஆனால் அதே மூச்சில் இன்னொரு சாங்கியத்தையும் எடுத்துவிடுவார்: முழுகாமல் இருக்கிறவளை வைத்துக்கொண்டு குடி மாறக் கூடாது. அப்புறம் நெல்லும் இல்லை, மாடும் இல்லை, இந்த ஊரில் பட்டினிதான். சொன்னால் விற்பனை நிற்கும். சொல்லாவிட்டால் சுத்தியல் விழும்.

இதற்கு நடுவில் வெட்கம் வேறு. எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அதுவும் சோறே இல்லாத காலத்தில்.

அன்று காலை அவளை எழுப்பியதே அந்தச் சத்தம்தான். டொக், டொக், டொக்.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தாள். சீனிவாசகம் துவைக்கிற கல்லின் முன்னால் குந்தியிருந்தார். கடையில் கிடந்த சோப்புப் பெட்டிகளை உடைத்து, அதிலிருந்த ஆணிகளைப் பிடுங்கி, வளைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். புது ஆணி என்ற பொருளை ஊரில் யாரும் கண்ணால் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"விடிஞ்சும் விடியாம என்னங்க இது?"

"ஆணி நிமித்துறேன். ஆசாரி பக்கிரிசாமி அண்ணன் வர்றதுக்குள்ள இந்த டின்னு நெறையணும்."

கல்லில் வைத்து நிமிர்த்துவது ஆணி அடிப்பதில் சேருமா, சேராதா? சாங்கியம் சொல்லிவைத்தவர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மரத்தில் இறங்காத ஆணி கணக்கில் வராது என்று சீதாலட்சுமி தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

"இன்னைக்கு வேலை ஆரம்பிக்க வேணாங்க. கரிநாளு."

"யார் சொன்னா?"

"பஞ்சாங்கத்துல இருக்குமில்ல."

"கப்பல் நின்னு எத்தனை வருசம் ஆச்சு? பஞ்சாங்கமே வரல. கரிநாள் மட்டும் நீந்தி வந்துச்சா?"

அவள் அந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியில் வந்தாள்.

"அப்ப வீட்டை இப்படியே வித்துருங்க. ஓட்டையை ஓட்டைன்னு சொல்லியே வித்துட்டுப் போவோம். கடையில வண்டு விழுந்த பருப்பை அப்படித்தானே வித்தீங்க?"

"ஆமா. வண்டு விழுந்ததுன்னு சொல்லித்தான் வித்தேன். சீனிவாசகம் கடையில ஏமாந்தேன்னு இந்த ஊருல ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"பருப்பைப் புடைச்சுத் தின்னலாம் சீதா. கூரையைப் புடைக்க முடியுமா? நாளைக்கு அந்த ஹாஜி மகன் தலையில விட்டம் விழுந்தா யாரைச் சொல்லுவாங்க? இவ்வளவு வருசமா சேத்த பேரு. போறப்ப ஒரு ஓட்டை வீட்டை அடுத்தவன் தலையில கட்டிட்டுப் போனான்னு ஆகக் கூடாது."

நியாயமான மனிதரோடு குடித்தனம் நடத்துவதில் இருக்கும் கஷ்டம் இதுதான். அநியாயக்காரராக இருந்தால் சண்டை போட்டாவது ஜெயிக்கலாம்.

மகள் சந்திரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். கோலா கெடாவில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே மீனாவது கிடைக்கிறது என்பதால் ஒரு கட்டுக் கருவாட்டோடு பெற்றவர்களைப் பார்க்க வந்திருந்தாள்.

"அப்பா சொல்றதுதாம்மா சரி. ஒழுகுற வீட்டை வித்தாங்கன்னு தெரிஞ்சா எங்க மாமியார் பாசார் பூரா சொல்லிடுவாங்க."

"உங்க மாமியாருக்கு வேற வேலை இல்லையா?"

"இல்லலா, அதான் பயமே." சந்திரா சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "உனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசு இல்ல. அதான் இப்படி முட்டுக்கட்டை போடுறே. எனக்குப் புரியுதும்மா."

பெற்ற மகளுக்குப் புரிந்த லட்சணம் அது. சீதாலட்சுமி அடுப்படிக்குப் போனாள். அங்கே அந்தத் தூண் நின்றது.

அந்தத் தூணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்திரா பாவாடையைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடிய வயதில், சீனிவாசகம் சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டினார். அப்போது சீதாலட்சுமிக்கு இரண்டு மாதம். மாமியார் உயிரோடு இருந்த காலம். வாயைத் திறக்கக் கூச்சம். நாளைக்குச் சொல்லலாம், நாளன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். குழி தோண்டினார்கள், தூண் நட்டார்கள், ஆணி அடித்தார்கள். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை.

ஆணிதான் காரணமா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இல்லை என்று அடித்துச் சொல்லவும் அவளுக்குத் தைரியம் இல்லை. நீ ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சீனிவாசகம் ஒரே ஒரு தடவை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. அதற்குப் பின் வயிறு திறக்கவேயில்லை. இப்போதுதான் திறந்திருக்கிறது. இந்தப் பிள்ளை அவளுக்கு வேண்டும். ஊர் சிரித்தாலும், மகள் சிரித்தாலும், மகளின் மாமியார் கோலா கெடா முழுக்கத் தண்டோரா போட்டாலும் வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு ஆசாரி பக்கிரிசாமி வந்தார். தோட்டத்து ஆசாரி, இந்தச் சமையலறையைக் கட்டியவரும் அவர்தான். சாலை வழியாக வராமல் கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்குள் புகுந்து வந்ததால் வேட்டியெல்லாம் சேறு. சாலையில் தனியாகப் போகிற ஆம்பிளைகளை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள். அவருடைய பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் போனார்கள். ஒரு சேதியும் இல்லை.

சீதாலட்சுமி அவரை உட்காரவைத்து மரவள்ளியை வறுத்து இடித்த காப்பி கொடுத்தாள். குடித்து முடித்ததும் இன்னொரு கோப்பை கொடுத்தாள். மூன்றாவது கோப்பையை நீட்டியபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும் தங்கச்சி. இதுக்கு மேல குடிச்சா கூரை மேல ஏற முடியாது."

எழுந்து போய்த் தூணை விரல் முட்டியால் தட்டினார். பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"மொதலாளி, இது தூணு இல்ல. கறையான் குடியிருக்கிற வீடு. இன்னைக்கு ஒரு முட்டு கொடுத்து ஆணி அடிச்சு நிறுத்திடுறேன். நாளைக்கு இதைப் பேத்தெடுத்துட்டு வேற நட்டுடலாம்."

"செய்ங்க அண்ணே," என்றார் சீனிவாசகம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. ஹாஜி சாலேயும் அவர் மனைவி மாக் தேயும் இறங்கினார்கள். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள்தான். பாசாருக்கு உப்பு ஏற்றி வந்தோம், போகிற வழியில் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார் ஹாஜி.

சீனிவாசகத்துக்கு முகம் செத்துவிட்டது. சீவாத தலையோடு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்ற மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. ஹாஜியை முன்கூடத்தில் உட்காரவைத்து, வெற்றிலைத் தட்டை நகர்த்தி, வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, எல்லாம் சரிசெய்துதான் கொடுப்பேன் என்று மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார்.

சீதாலட்சுமிக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. சொல்லாமல் விற்பதுதானே அவருக்குக் குறை? தானே சொல்லிவிட்டால்?

"வாங்க காக்," என்று அக்கா முறை சொல்லி மாக் தேயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவளுக்குத் தெரிந்தது பாசார் மலாய்தான். ஆனால் ஓட்டையைக் காட்ட அதிகம் மொழி வேண்டியதில்லை.

"இங்க போச்சோர்," என்று ஒழுகும் தகரத்தைக் காட்டினாள். அங்கே வெளிச்சம் காசு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. "இங்கயும் போச்சோர்," என்று அத்தாப்பைக் காட்டினாள். மூடாத ஜன்னலை இழுத்துக் காட்டினாள். மிதித்தால் எழும்பும் பலகையை மிதித்துக் காட்டினாள். கடைசியில் சமையலறைத் தூணை நகத்தால் கீறி, உதிர்ந்த மாவை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினாள்.

மாக் தே இடுப்பில் கைவைத்து நின்றாள். வயதில் மூத்தவள், பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோடுகிற கண்.

"வீடு விக்கிறவங்க ஓட்டையை மறைப்பாங்க. நீ தேடித் தேடிக் காட்டுறே அடேக். அவாட்?"

அடேக் என்றால் தங்கச்சி, அவாட் என்றால் கெடா மலாய்க்காரர் வாயில் ஏன் என்று அர்த்தம். ஆணி கிடைக்கவில்லை என்றாள் சீதாலட்சுமி. பக்கத்தில் ஒரு டின் நிறைய ஆணி இருந்தது.

அதற்குள் சீனிவாசகம் ஹாஜியோடு அங்கே வந்துவிட்டார். மனைவி உள்ளங்கையில் ஏந்தியிருந்த மாவைப் பார்த்ததும் மானம் போனது போல ஆயிற்று.

"இதெல்லாம் நான் சரிபண்ணாம விடமாட்டேன் ஹாஜி. இப்பவே பாருங்க. அண்ணே, நீங்க ஆரம்பிங்க."

பக்கிரிசாமி முட்டுக் கட்டையைத் தூணோடு சேர்த்துப் பிடித்து, ஆணியை வைத்து, சுத்தியலை ஓங்கினார்.

சீதாலட்சுமி நடுவில் போய், ஆணி வைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"அடிக்காதீங்கண்ணே."

சுத்தியல் அப்படியே நின்றது. சந்திரா பிள்ளையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"சீதா, என்ன இது? வந்தவங்க முன்னால," என்றார் சீனிவாசகம். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

அவளுடைய ஒரு கை தூணில் இருந்தது. இன்னொரு கை, அவள் அறியாமலேயே, அடிவயிற்றில் இருந்தது. அதை மாக் தே பார்த்தாள்.

"ஜாங்ஙான்," என்றாள் மாக் தே, ஆசாரியைப் பார்த்து. வேண்டாம் என்று. பிறகு தன் புருஷனிடம் திரும்பி, சாதாரணமாக, உப்பு விலை சொல்வது போலச் சொன்னாள்: "இந்த வீட்டுல ஆணி அடிக்கக் கூடாது. இவ பெர்பாடான் துவா. எங்க ஊருக் கம்பத்துலயும் இதே பந்தாங்தானே."

பந்தாங் என்றால் நம் சாங்கியம்தான், பெர்பாடான் துவா என்றால் இரண்டு உடம்புக்காரி. மலாய்க்காரர்கள் முழுகாமல் இருப்பவளை அப்படித்தான் சொல்வார்கள். இது சுங்கைப்பட்டாணியில் கடை வைத்திருந்த சீனிவாசகத்துக்குத் தெரியாததில்லை.

பக்கிரிசாமி சுத்தியலைச் சுட்ட இரும்பு போலக் கீழே வைத்தார். ஹாஜி வேறு பக்கம் பார்த்தார். சீனிவாசகம் மனைவியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க ஹாஜி," என்று சொல்லிவிட்டு, "உள்ள வா," என்றார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"மூணு முடியப் போகுது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா வீட்டை விக்கமாட்டீங்க."

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஆமா, விக்கமாட்டேன். இப்பவும் விக்கப் போறதில்ல. ஹாஜிகிட்ட சொல்லிடுறேன். முழுகாம இருக்கிறவளக் கூட்டிக்கிட்டு யாராவது குடி மாறுவாங்களா?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள் சீதாலட்சுமி. ஆனால் வெளியே வந்துவிட்ட விஷயம் ஒரு தைரியத்தைக் கொடுத்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"இங்கயே இருந்து என்ன தின்னுறது?"

"இருக்கிறதைத் தின்னுவோம்."

"இருக்கிறது என்னன்னு பானையைத் திறந்து பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. அவள் பார்க்க விட்டதும் இல்லை.

"நல்லா இருக்கே," என்றார் மெதுவாக. "ஆணிக்கு மட்டும் சாங்கியம் பாக்குறே. குடி மாறுறதுக்குப் பாக்க மாட்டேங்கிறே. உனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கிறியா?"

"ஆமா. பொறுக்கித்தான் எடுக்குறேன். அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி." அவள் நிறுத்தவில்லை. "ஆணி அடிச்சு ஒண்ணு போச்சு. அது எனக்கு நடந்தது. குடி மாறிப் போனதை நான் பாத்ததில்ல. வயித்துக்கு இல்லாம போனதை இந்தத் தெருவுலயே பாத்துட்டேன். முழுகாம இருந்த நம்ம அழகம்மா மகளுக்கு என்ன ஆச்சு? அவ வீட்டுல யாருங்க ஆணி அடிச்சா?"

அழகம்மாவின் மகளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்களில் சீனிவாசகமும் ஒருவர். தூக்கியபோது பாரமே இல்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னவர் அவர்தான்.

"எனக்கு இந்தப் புள்ள வேணுங்க," என்றாள் சீதாலட்சுமி.

சீனிவாசகம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"எனக்கு மட்டும் வேணாமா?" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெளியே வந்து ஹாஜியின் முன்னால் நிமிர்ந்து நின்றார். கடையில் எடை போடும்போது நிற்பாரே, அப்படி.

"ஹாஜி, வீட்டை இப்படியே கொடுக்குறேன். குறையெல்லாம் நான் சொல்லிடணும், நீங்க கேட்டுடணும்." ஆரம்பித்தார். தகரம், அத்தாப்பு, தூண். வடக்கு ஜன்னல் மூடாது, மூடினால் திறக்காது. கிணற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் கலங்கும். முன் கதவின் தாழ்ப்பாளை மேலே தூக்கித்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை இந்தப் பக்கம் கேட்கும்.

ஹாஜி கையை உயர்த்தினார்.

"போதும் தவுக்கே. இன்னும் கொஞ்சம் பேசினீங்கன்னா நான் வாங்கமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சீனிவாசகம் சிரிக்கவில்லை. ஒழுகுவதற்கும் தூணுக்கும் நெல்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். ஹாஜி கொஞ்சம் கழித்தார். மாட்டிலும் கை வைப்பாரோ என்று சந்தேகம் வருவதற்குள் மாக் தே முந்திக்கொண்டாள்.

"மாடு மாடுதான். பால் யாருக்குன்னு எனக்குத் தெரியும். வீட்டை நாங்க சரிபண்ணிக்கிறோம். இவ போன பிறகு அடிச்சுக்கிறோம்."

அதோடு பேச்சு முடிந்தது. ஹாஜியும் சீனிவாசகமும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் தமிழனுக்கும் மலாய்க்காரனுக்கும் வெற்றிலை மாற்றிய பேச்சு கல்லில் வெட்டிய பேச்சு. வண்டியிலிருந்து ஒரு பொட்டலம் உப்பை எடுத்துச் சீதாலட்சுமியின் கையில் வைத்துவிட்டு மாக் தே ஏறிக்கொண்டாள்.

வண்டி போன பிறகுதான் சந்திரா பேசினாள். அதுவரை வாசற்படியை விட்டு நகரவில்லை.

"எங்க மாமியாருக்கு நான் என்னம்மா சொல்றது?"

சீதாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்தது.

சந்திரா பிள்ளையை அம்மாவின் மடியில் இறக்கினாள். "அவங்க பேரனுக்கு அவனை விடச் சின்ன மாமன் ஒருத்தன் வர்றான்னு சொல்றேன். என்ன பண்ணிடுவாங்க?" என்றவள், அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கொஞ்சம் அழுகையும் அதில் இருந்தது. சீதாலட்சுமிக்கு அன்று முதல் தடவையாகப் பசித்தது.

பக்கிரிசாமி உளியையும் இழைப்புளியையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான் மொதலாளி. இங்க ஒண்ணும் செய்ய வேணாம். அங்க உங்க மச்சான் அம்மாசி வேலையை முடிச்சிருப்பான்."

"என்ன வேலை?"

"வீட்டு வேலைதான். உங்களுக்குச் சொல்லலையா?" அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னான். எங்க அக்கா வந்து இறங்குறப்ப மாட்டுக் கொட்டாய்ல படுக்கக் கூடாது, தனி வீட்டுல கதவைத் திறந்து உள்ள போகணும்னு சொல்லிக்கிட்டு இருந்தான். கால் நட்டாச்சு. வாசல் நெலை நான்தான் செஞ்சு கொடுத்தேன். இன்னைக்குப் பொழுது சாய நெலை வைக்கிறான்."

"யாரு பேரைச் சொல்லி?" சீதாலட்சுமியின் வாயிலிருந்து வந்தது கேள்வி. பதில் அவளுக்குத் தெரியும்.

"உங்க பேரைச் சொல்லித்தான் தங்கச்சி. வேற யாரு பேரை?" என்றவருக்கும் பாதியில் விளங்கிவிட்டது. பை கையிலிருந்து நழுவியது.

வெற்றிலை மாற்றியாகிவிட்டது. இந்த வீடு ஹாஜியுடையது. இனி இங்கே யார் ஆணி அடித்தாலும் சீதாலட்சுமிக்கு ஒன்றுமில்லை. அவளுடைய வீடு என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது பாடாங் மேஹாவில், அவள் பேரைச் சொல்லிக் கால் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, இன்று மாலை நிலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தம்பி ஆசை ஆசையாகச் சுத்தியலைக் கையில் எடுத்திருப்பான்.

சீனிவாசகம் ஏற்கெனவே சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். டியூப் கிடைக்காமல் கயிறு சுற்றி ஓட்டுகிற சைக்கிள். காலையில் கரிநாளைக் கேலி செய்த மனிதர்.

"மொதலாளி, நான் காட்டு வழியா நடந்து போறேன்," என்றார் பக்கிரிசாமி.

"நடந்து போனா நெலை வச்ச பிறகுதான் போய்ச் சேருவீங்க. சைக்கிள் காட்டுக்குள்ள போகாது. நான் ரோட்டுல போயிடுறேன்."

"அப்பா, ரோட்டுலயா?" என்றாள் சந்திரா.

சீதாலட்சுமி அவர் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. ரோட்டுல ஆளைப் பிடிக்கிறாங்க. எனக்கு நீங்களும் வேணும்."

"நெலை வச்சுட்டா?"

ஒரு பக்கம் வயிற்றுப் பிள்ளை, ஒரு பக்கம் கழுத்துத் தாலி. எதை எடுத்து எதை வைப்பாள்?

"போய், நட்ட காலும் சேத்து அது அம்மாசி வீடுன்னு அவன் வாயால சொல்ல வச்சுட்டு வர்றேன். அவன் பேருல அவன் நட்டுக்கட்டும்," என்றார் சீனிவாசகம். அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "அது வரைக்கும் நமக்கு வீடே இல்ல சீதா. வீடே இல்லாதவளை எந்த ஆணி என்ன பண்ணும்?"

ஏறி மிதித்தார். கயிற்றுச் சக்கரம் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சாலையை நோக்கிப் போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சீதாலட்சுமி வாசலில் நின்று அவர் முதுகையே பார்த்தாள். அது சிறியதாகிக்கொண்டே போய், சாலையில் ஏறி, வளைவை நெருங்கியது. அப்போதுதான் வளைவுக்கு அந்தப் பக்கம், மரங்களின் இடைவெளியில், பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று நிற்பது அவள் கண்ணில் பட்டது. சாலையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. வீட்டு வாசலிலிருந்துதான் தெரியும்.

வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பார்கள். புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய தப்பு. அத்தனை தூரத்துக்கு 'என்னங்க' எட்டாது.

சீதாலட்சுமி படியிறங்கி ஓடினாள். இரண்டையும் செய்தாள்.